‘செய்யாதே’ மட்டும் போதும் சிஸ்டர்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ கண்ணு, எனக்கு வேண்டாம். பையை மட்டும் காலுக்கடியில வெக்காதே, பிரேக் போட்டா முன்னால ஓடிரும். கையை வெளிய நீட்டாதே. உடுமலையில இருந்து பழனி போறதுக்குள்ள இந்த டிரைவரு நாலு லாரியையாவது ஒரசுற மாதிரி போவான்.

நானும் பழனிக்குத்தான். கோயிலுக்கில்ல. அடிவாரத்துல ஒரு டிராவல்ஸ்காரன் இருக்கறான். தீபாவளிக்குக் காசி டூருக்கு அவங்கிட்ட பேர் குடுத்து வெச்சிருந்தேன். இப்ப வேண்டாம்னு சொல்லப் போறேன். போன்ல சொன்னா கேக்க மாட்டேங்கறான், நேர்ல போய் நின்னாத்தான் ஆகும். ஏன் வேண்டாம்னு கேக்கறியா? கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். காதுல சொருகியிருக்கறதைக் கழட்டு. காது கெட்டுப் போயிரும் சாமி.

என்ர பேரு சுலோச்சனா. லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்கூட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரே பையன், கிருபாகரன். ஸ்பெயின்ல டைல்ஸ் கம்பெனில டிசைன் போடற வேலை. நல்ல சம்பளம், நல்ல ஊரு, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒருநாள் போன் பண்ணி, அம்மா, இங்க ஒரு பொண்ணு இருக்கறா, பேரு நூரியா, கட்டிக்கலாம்னு இருக்கறேன்னான். நான் என்ன சொல்லுவேன்? கட்டிக்காதேன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். தினமும் ஒரே ஒரு தடவை.

கட்டிக்கிட்டான். அதோட ஊருக்கு வர்றதையும் நிறுத்திப்போட்டான். நாலு தீபாவளி போச்சு. எதிர் வீட்டுக் கொழந்தைங்க வெடிக்கறதை நான் ஒத்தையில வாசல்ல நின்னு பார்த்துட்டு, கதவைச் சாத்திட்டு உள்ள வந்து, வெச்ச முறுக்கை நானே தின்னு... வேண்டாம், அதை விடு. அதுக்குத்தான் இந்த வருசம் காசிக்காவது போலாம்னு பேர் குடுத்தேன். கூட்டத்தோட கூட்டமா கங்கைல முங்கினா வெசனம் தெரியாதில்ல?

பேர் குடுத்துட்டு வீட்டுக்கு வர்றேன், கிருபா போன். ஆடி மாசம் வர்றோம், ரெண்டு பேருமாங்கறான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த வார்த்தை சொன்னான் பாரு. அம்மா, ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாம கேளு. அதைச் செய்யாதே, இதைச் செய்யாதேன்னு நூரியாகிட்ட ஒரு வார்த்தை உன்ர வாயில இருந்து வந்துச்சுன்னா, அதுதான் நாங்க வர்றது கடைசி. அவளுக்குத் தமிழும் அரைகொறை, நீ அதட்டினா அவளுக்கு என்ன புரியும், பயந்துக்குவாங்கறான்.

நானா அதட்டறவ? சொல்லு. இவ்வளவு நேரமா எங்கூட உக்காந்திருக்கறியே, நான் அதட்டற மாதிரியா தெரியுது? ஹாஸ்டல்ல அத்தனை பொண்ணுங்க இருந்துச்சுங்க, ஒருத்தியையும் ஒரு வார்த்தை அதட்டினதில்ல. வாசல் கேட்டுகிட்ட நிக்காதே, மொட்டை மாடியில பேசாதே, ஈரத் தலையோட படுக்காதேன்னு நல்லதுக்குச் சொல்லுவேன், அவ்வளவுதான். அதுவும் சிரிச்சுக்கிட்டே.

ஆனா அவன் சொன்னதுல ஒரு ஞாயம் இருந்துச்சு கண்ணு. ராத்திரி பூரா யோசிச்சேன். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் புரியாது, அதனால பயந்துக்கும். அப்ப தமிழ்ல சொல்றதுதானே தப்பு? அவ பாஷையிலயே சொல்லிட்டா என்ன?

சிரிக்காதே. நெசமாத்தான் சொல்றேன்.

எங்க ஊர்ச் சர்ச்சுக்குப் பின்னால சிஸ்டர் பிலோமினான்னு ஒருத்தர் இருக்கறாங்க. பெரு நாட்டுல ஏதோ மலை மேல பள்ளிக்கூடம் நடத்திட்டு, வயசான காலத்துல இங்க வந்து ரோஜாச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கறாங்க. பெருவுலயும் ஸ்பானிஷ்தானாம். நேராப் போனேன். சிஸ்டர், எனக்கு ஸ்பானிஷ் வேணும்னேன். அவங்களுக்கு சந்தோசம் தாங்கல. காலை வணக்கம் எப்படிச் சொல்றதுன்னு ஆரம்பிச்சாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டு, வணக்கமெல்லாம் வேண்டாம் சிஸ்டர், வா, உக்காரு, சாப்பிடுங்கறதெல்லாம் கையைக் காட்டினாப் புரிஞ்சுக்குவா, எனக்கு ‘செய்யாதே’ மட்டும் போதும்னேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி போட்டு என்னைப் பார்த்தாங்க. சுலோச்சனா, அதுதான் கொஞ்சம் கஷ்டம், எல்லாத்தையும் தலைகீழாத் திருப்பணுமேன்னாங்க.

கஷ்டமாம்! எனக்கா! கேளு, உனக்கும் சொல்லித் தர்றேன், பழனி போறதுக்குள்ள நீயே பேசுவே. அவங்க வார்த்தையெல்லாம் கடைசில மூணு வாலு. ஆர், ஏர், ஈர். அப்ளார்னா பேசறது. கொமேர்னா சாப்பிடறது. அப்ரீர்னா தெறக்கறது. செய்யாதேன்னு சொல்றதுக்கு வாலை வெட்டிப் போடணும். முன்னால ஒரு நோ. அப்புறம் ஆர் வாலு இருந்த எடத்துல எஸ் ஒட்டணும், ஏரு, ஈரு இருந்த எடத்துல ஆஸ் ஒட்டணும். பேசாதேன்னா நோ ஆப்ளெஸ். சாப்பிடாதேன்னா நோ கோமாஸ். தெறக்காதேன்னா நோ ஆப்ராஸ். பால் சட்டியில புளியும் புளிச் சட்டியில பாலும் மாத்தி ஊத்தற மாதிரி, அவ்வளவுதான் சூட்சுமம். மாமனாரு, வாத்தியாரு மாதிரி மரியாதைப்பட்டவங்களுக்கு சொல்றப்ப மட்டும் அந்தக் கடைசி ஸ்ஸை விட்டுரணும். நம்மகிட்ட ‘ங்க’ சேர்க்கறதுல மரியாதை, அவங்ககிட்ட கொறைக்கறதுல மரியாதை. என்ன ஊரோ!

வழிக்கு வராத வார்த்தையும் இருக்குதாம். போறது, வர்றது, இருக்கறது இதெல்லாம் இஷ்டத்துக்கு மாறுமாம். அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர், ஒழுங்கா நடந்துக்கற வார்த்தை மட்டும் குடுங்க போதும்னுட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வேண்டியதை ஒவ்வொண்ணா கேட்டு வாங்கினேன். வெளக்கு வெச்சப்பறம் கூட்டாதே, நோ பாராஸ். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே, நோ கோர்த்தெஸ். வாசப்படியை மிதிக்காதே, நோ பீஸெஸ். ராத்திரில விசில் அடிக்காதே, நோ சில்பெஸ். அழாதேங்கறதுக்கு நோ யோரெஸ்னு சிஸ்டரே சொல்லிக் குடுத்தாங்க. இது எதுக்கு சிஸ்டர், அவளை நான் அழ வெக்கவா போறேன்னேன். வெச்சுக்கோ சுலோச்சனா, எதுக்காவது உதவும்னாங்க. மாவாட்டறப்ப நோ பாராஸ், துணி காயப்போடறப்ப நோ கோர்த்தெஸ். பால்காரன் கேட்டைத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டான்னு அவனுக்கு ஒரு நாள் நோ ஆப்ராஸ்னேன், மறுநாள்ல இருந்து வெளியவே நின்னு பாலு குடுக்கறான்.

வந்தாங்க. வாடகைக் காரு வாசல்ல நின்னுச்சு. என்ர பையன் எளச்சுப் போயிருந்தான். அந்தப் பொண்ணு நல்ல உசரம், சுருட்டை முடி, மஞ்சள்ல சட்டை. சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து வாசப்படி மேலயே ஏறி நின்னுச்சு. கிருபா இன்னும் காருகிட்ட பொட்டி எறக்கிட்டு இருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நோ பீஸெஸ்னேன்.

அந்தப் பொண்ணு சொக்கிப் போச்சு. கண்ணு ரெண்டும் இத்தப் பெருசா ஆயிருச்சு. மாமியா நம்ம பாஷை பேசறாளேன்னு பூரிச்சுப் போயி, அதுக்குத் தெரிஞ்ச தமிழைப் பதிலுக்கு எடுத்து விட்டுச்சு. என்ன சொல்லுச்சு தெரியுமா?

“அத்தை! கத்தாதே!”

எதிர் வீட்டுக்காரி ஆரத்தித் தட்டை வெச்சுக்கிட்டு நிக்கறா. எனக்கு மானம் போச்சு. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியில அப்படி ஒரு பிரியம். இன்னும் என்ன தெரியும்னு கேட்டேன். வரிசையாச் சொல்லுச்சு. தொடாதே. ஓடாதே. சிந்தாதே. பேசாதே. எதுத்துப் பேசாதே. இவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச தமிழு. கிருபாவைப் பார்த்து, ஏண்டா, இதைத்தான் சொல்லிக் குடுத்தியா, வேற நல்ல வார்த்தையே கிடைக்கலையான்னு கேட்டேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்தேம்மா, சின்ன வயசுல வீட்ல கேட்டது அதானேங்கறான்.

வீட்ல யாரு சொன்னாங்களாம்? அவங்கப்பாவா இருக்கும். அவரு வாயைத் தெறந்து நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்ல, ஆனாலும் அவருகிட்டதான் கத்துக்கிட்டிருக்கணும். நான் இல்ல.

ஏன் அப்படிப் பார்க்கறே? அப்படிப் பார்க்காதே.

மொத நாள் நல்லாப் போச்சு. சிஸ்டர்கிட்ட ஒரு மாசம் படிச்ச கதையெல்லாம் சொன்னேன். ரெண்டாம் நாளு வெள்ளிக்கிழமை. புழக்கடையில உக்காந்து நூரியா நகம் வெட்டிட்டு இருக்குது. வெள்ளிக்கிழமை! நான் கிட்டப் போயி, தலையைத் தடவி, எவ்வளவு பதமாச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமா, நோ கோர்த்தெஸ்னேன். அது உடனே நகவெட்டியைக் கீழ வெச்சுட்டுக் கையைத் தட்டிச் சிரிக்குது. அதுக்கு ஒண்ணுமே இல்ல. பின்னால இவன் நின்னுக்கிட்டு இருந்திருக்கறான்.

அம்மா, நான் என்ன சொன்னேன்னான். மூஞ்சி கருத்துப் போச்சு. தமிழ்ல சொன்னா பயந்துக்குவான்னே, நான் தமிழ்ல சொல்லலையேடான்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான் கண்ணு. அவங்கப்பாவுக்குக் கொள்ளி வெச்சப்பகூட அப்படிப் பார்க்கல. ஒரு மாசம் படிச்சியாம்மா, இதுக்காகன்னு கேட்டான். ஆமாண்டா, உம்பொண்டாட்டிக்காகத்தான்னேன், பெருமையாத்தான் சொன்னேன். அவன் உள்ள போயி, பரண்ல இருந்து பொட்டியை எறக்கினான். கோயமுத்தூர்ல ரூம் எடுத்துக்கறோம், டிக்கெட்டை மாத்திக்கறோம்னு போன் பண்ணிக் காரு சொன்னான்.

கடைசின்னு சொன்னவன் கடைசின்னே போயிருவான். பிடிவாதத்துல யாரை உரிச்சு வெச்சிருக்கறானோ தெரியல. இருடான்னு சொல்ல வாய் வரல. கொடையை எடுத்துக்கிட்டுத் தூறல்ல எறங்கிட்டேன், வாழைப்பழம் வாங்கப் போறேன்னு. வாழைப்பழம் வீட்ல ஒரு சீப்பு இருந்துச்சு. பழக்கடையைத் தாண்டி ரைஸ்மில் வரைக்கும் போயி, செவத்தோரம் நின்னு அழுது தீர்த்துட்டுத் திரும்பி வந்தேன்.

வந்தா பொட்டி ரெண்டும் நடு வீட்ல நிக்குது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. எப்பவும் பண்ற மாதிரி, நனைஞ்ச கொடையை விரிச்சுக் காயட்டும்னு ஹால்ல வெக்கப் போனேன். அவ்வளவுதான். நூரியா ரூம்ல இருந்து பாஞ்சு வந்துச்சு பாரு!

“நோ ஆப்ரா! நோ, நோ, அத்தை, நோ ஆப்ரா!”

கையில இருந்து கொடையைப் புடுங்கி மடக்கி வெளிய வீசிட்டு, நெத்தியில, நெஞ்சுல சிலுவை போட்டுக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்ஸை விட்டுட்டுச் சொல்லுச்சு, மரியாதையாத்தான் சொல்லுச்சு, ஆனா சொல்லுச்சு. எங்கிட்ட! முப்பது வருசம் வார்டனா இருந்தவகிட்ட, செய்யாதேன்னு!

கிருபா ஓடியாந்தான். என்னம்மா பண்ணினே அவளைன்னு கத்தறான். அந்தப் பொண்ணு அவன் பக்கம் திரும்பி, வெரலை நீட்டி, “கத்தாதே! எதுத்துப் பேசாதே!”ன்னுச்சு. சுத்தத் தமிழ்ல. என்ர பையன் அப்படியே நின்னுட்டான்.

அப்புறம்தான் சொல்லுச்சு, அவன் எனக்குத் தமிழ்ல சொன்னான். வீட்டுக்குள்ள கொடை விரிச்சா அவங்க ஊர்ல ஆகவே ஆகாதாம். கட்டில் மேல தொப்பி வெக்கக் கூடாதாம். ரொட்டியைத் தலைகீழா வெக்கக் கூடாதாம். யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். அவங்கம்மா சொல்லுவாங்களாம். அவங்கம்மாவும் பள்ளிக்கூடத்துல டீச்சராம். நான் தரையில உக்காந்துட்டேன். இன்னும் என்னென்ன கூடாதுன்னு கேளுடான்னேன். அதுவும் கீழ உக்காந்துக்கிட்டு, உங்க வீட்ல என்னென்ன கூடாதுன்னு கேக்குது. உப்பைக் கையில குடுக்கக் கூடாதுன்னேன். உப்பு சிந்தக் கூடாதுன்னுச்சு. ரெண்டு பேருக்கும் உப்பு ஒத்துப்போச்சு! கையைப் புடிச்சுக்கிட்டோம். நடுவுல இவன். இங்கிட்டு ஒரு கூடாது, அங்கிட்டு ஒரு கூடாது, எல்லாத்தையும் இவந்தான் மாத்தி மாத்திச் சொல்லணும். மொகத்தை உம்முன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சவன், ஒரு கட்டத்துல வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறான். கண்ணுல தண்ணி வருது. என்ர பையன் சிரிச்சுப் பார்த்து எத்தனை வருசமாச்சு!

காரு வந்து வாசல்ல ஹாரன் அடிச்சுது. நூரியா ஜன்னல்ல எட்டிப் பார்த்து டிரைவருக்கு ஒரே வார்த்தை சொல்லுச்சு: “சத்தம் போடாதே!” அந்த வார்த்தை அவன் சொல்லிக் குடுத்ததில்ல. ஒரே நாள்ல எங்கிட்ட இருந்து புடிச்சுக்கிச்சு. கெட்டிக்காரி! பொட்டி மறுபடி பரணுக்குப் போச்சு.

நல்ல பொண்ணுதான் கண்ணு. என்ன, என்னை மாதிரி பொறுமை கெடையாது, கொஞ்சம் அதிகாரம் ஜாஸ்தி. ஈரக் கால்ல உள்ள வராதே, போனைப் பார்த்துக்கிட்டே சாப்பிடாதேன்னு அந்தப் பையனை ஒரு நிமிசம் சும்மா விடறதில்ல. இங்க இருந்து ஸ்பெயின் வரைக்கும் போயி, எங்க தேடித்தான் இப்படிப்பட்டவளைப் புடிச்சானோ தெரியல. எனக்கே அவனைப் பார்த்தா பாவமா இருந்துச்சு.

மூணு வாரம் எப்படிப் போச்சுன்னே தெரியல. முந்தாநாளு எனக்குத் திக்குனு ஆச்சு. நாளைக்கு ஏர்போர்ட்ல என்ன சொல்றது? சிஸ்டர்கிட்ட ஓடினேன். சிஸ்டர், மறுபடியும் வாங்கன்னு சொல்லணும், சீக்கிரம் சொல்லிக் குடுங்கன்னேன். சிஸ்டர் சிரிச்சாங்க. ஏம்மா, வேண்டாங்கறதுக்கு ஒரு மாசம் படிச்சே, வாங்கன்னு சொல்றதுக்கு அரை மணி நேரம்தானா வெச்சிருக்கேன்னாங்க. சொல்லிக் குடுத்தாங்க. அது ஒழுங்கா நடந்துக்காத வார்த்தைல்ல, நாக்குல நிக்கல. கோயமுத்தூர் போற வரைக்கும் கார்ல மொணமொணன்னு சொல்லிக்கிட்டே போனேன்.

ஏர்போர்ட்ல நம்மளை உள்ள விடமாட்டாங்க தெரியுமில்ல? கண்ணாடிக் கதவுகிட்டயே நிக்கணும். நூரியா வந்து கட்டிக்கிச்சு. நான் வாயைத் தெறந்தேன். படிச்சது அத்தனையும் போச்சு. என்ன வந்துச்சு தெரியுமா? நோ யோரெஸ். அழாதேன்னு சொல்றேன். அந்தப் பொண்ணு அழவே இல்ல. அழுதது நானு.

அது ரெண்டு கையாலயும் என்ர மொகத்தைப் புடிச்சுக்கிட்டு, “வெசனப்படாதீங்க அத்தை”ன்னுச்சு. வெசனப்படாதீங்க! நம்மூரு வார்த்தை! ‘ங்க’ போட்டு! யாருகிட்ட கத்துக்கிச்சோ, எதிர் வீட்டுக்காரிகிட்டயா இருக்கும்.

கிருபா பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு உள்ள போயிட்டான். அவன் அப்படித்தான், கெளம்பறப்ப பேச மாட்டான். நாலு வருசம் முன்னாடியும் அப்படித்தான் போனான், போனவன் போனவந்தான். நான் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே நிக்கறேன். இனி வருவானா மாட்டானா? அவங்கிட்ட கேக்கவும் பயமா இருக்குது. கேட்டு இல்லைன்னுட்டா என்ன பண்றது? கொஞ்ச தூரம் போனவன் நின்னான். பொட்டியை அவகிட்ட குடுத்துட்டுத் திரும்பி வந்தான். போலீஸ்காரரு வெளிய விடல. கதவுகிட்ட இருக்கற தடுப்புக் கம்பிக்கு அக்கட்ட நின்னுக்கிட்டே சொன்னான்.

“அம்மா, தீபாவளிக்கு எங்கேயும் போயிராதே.”

அவ்வளவுதான். அவ ஊர்லயும் வெடின்னா உசுராம், நம்மூரு வெடி பார்க்கணுங்கறான்னு அப்புறம் என்னென்னவோ சொன்னான், எனக்குக் காதுல விழுகல. காசி டூர் விசயம் அவனுக்குத் தெரியாது கண்ணு, நான் சொல்லவே இல்ல. வீட்டைப் பூட்டிட்டு எங்கேயும் போயிராதேங்கறான். பெத்தவளைப் பார்த்து! என்ன திமிரு பாரு! ஒரு தடவையாவது நான் அவனை அப்படிச் சொல்லியிருப்பனா?

ஏன் கண்ணு, உனக்கு எதுக்குக் கண்ணு கலங்குது? நோ யோரெஸ்.

இரு, போன் அடிக்குது. அந்த டிராவல்ஸ்காரந்தான். பேசிட்டு வர்றேன், நீ எந்திரிக்காதே, பஸ் இன்னும் நிக்கல. அலோ... ஆமா, சுலோச்சனாதான், வந்துக்கிட்டேதான் இருக்கறேன். என்னது? கேன்சல் பண்ணாதீங்களா? நல்ல சீட்டா? இருக்கட்டும், வேற யாருக்காவது குடுத்துருங்க. இல்லீங்க, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. என்ர பையன் என்னைப் போகாதேன்னு சொல்லியிருக்கறானுங்க. அவன் பேச்சை மீற முடியாது.